பாட்டுக்குள் ஒரு பட்டா

அவையோருக்கு வணக்கம். ஒயின் பாட்டிலில் பெயர் ஏறிவிட்ட ஒரு வாத்தியாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பெயர் அவுசோனியுஸ். இன்றைய பிரான்சின் போர்தோ ஊர்க்காரர், பிறந்தது கி.பி. 310 வாக்கில். சுமார் 30 வருஷம் உள்ளூரில் இலக்கணமும் பேச்சுக்கலையும் சொல்லிக்கொடுத்தார். ஓய்வெடுக்கிற வயதில் ரோமப் பேரரசர் வாலன்டினியன் ஆளனுப்பினார், மகன் கிரேஷியனுக்குப் பாடம் சொல்ல. பையன் பட்டத்துக்கு வந்தான். வாத்தியார் 379-இல் கான்சல் ஆனார், ரோமில் அது பெரிய கௌரவப் பதவி. அப்பா, மகன், மருமகன் எல்லாருக்கும் பதவி. எந்த ஊரில்தான் இது நடக்கவில்லை!

கான்சலாக ஊர் திரும்பியவர், அப்பா விட்டுப்போன நிலத்தைப் பார்த்து ஒரு பாட்டு எழுதினார். பாட்டா அது, பட்டா! உழவு நிலம் 200 யூகெரும் (அது ரோமானியர் நில அளவு), திராட்சை 100, புல்வெளி 50, காடு இவை மொத்தத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். நம் கணக்கில் 650 ஏக்கருக்குக் குறையாது. திராட்சை மட்டும் 62 ஏக்கர். இதைத்தான் மனிதர் ‘சின்னச் சொத்து’ என்கிறார். இரண்டு வருஷத்துக்கான விளைச்சல் எப்போதும் களஞ்சியத்தில் இருக்குமாம். இருப்பு குறைந்தவன் வாசலில் பசி நிற்கும் என்கிறார்.

போர்தோ பக்கத்துச் சேன் எமிலியோனில் ‘ஓசோன்’ என்று இவர் பெயரிலேயே ஒரு புகழ்பெற்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 7 ஹெக்டேர்தான், ஒரு பாட்டில் ஒயின் விலையோ யானை விலை. அவர் வீடு அங்கேதான் இருந்தது என்பார்கள். உறுதியான சான்று கிடையாது. வேறு ஊர்களும் அவரைச் சொந்தம் கொண்டாடுகின்றன.

திராட்சையை அவர் உண்மையில் கண்கொட்டாமல் பார்த்தது இன்றைய ஜெர்மனிப் பக்கம் ஓடும் மொசெல் ஆற்றங்கரையில். அந்த ஆற்றைப் பற்றி 483 அடிகள் பாடியிருக்கிறார். சாயங்காலம், சரிவு முழுக்கக் கொடிகள்; அத்தனையும் தண்ணீரில் தலைகீழாக நெளிகின்றன. படகோட்டி குனிந்து, நிழலை நிஜமென்று நம்பி ஒவ்வொரு கொடியாக எண்ணுகிறான். இந்த ஒரு காட்சிக்காகவே அவருடைய மற்ற அலங்காரங்களை நான் மன்னித்துவிடுவேன்.

383-இல் கிரேஷியன் கொல்லப்பட்டார். கிழவர் கடைசிக் காலத்தைச் சொந்த ஊர்ப் பக்கம் கழித்தார். அவருடைய அருமை மாணவர் பவுலினுஸ், பெரிய பணக்காரர், எல்லாவற்றையும் உதறித் துறவு பூணக் கிளம்பினார். கிழவருக்குத் தாங்கவில்லை. கடிதம் மேல் கடிதம். அதில் ஒன்றில் கெஞ்சுகிறார்: உன் வீடு சிதறி, உன் நிலமெல்லாம் நூறு பேர் கைக்குத் துண்டு துண்டாகப் போவதைப் பார்த்து எங்களை அழ வைத்துவிடாதே என்று.