கடவுச்சொல்லை நிறுத்தியும் சர்வர் அதையே கேட்பது ஏன்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

நேயர் ஒருவர் இரண்டு சந்தேகங்களைக் கேட்டிருக்கிறார். அவர் மாத வாடகைக்கு எடுத்திருக்கும் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) சர்வரில், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகக் கடவுச்சொல் கொடுத்து நுழைவதை நிறுத்திவிட்டு, சாவியை (கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தன் கணினியில் வைத்திருக்கும் ரகசியக் கோப்பு) கொண்டு மட்டும் நுழையும்படி மாற்றியிருக்கிறார். ஆனாலும் சர்வர் கடவுச்சொல்லைக் கேட்கிறது, இது ஏன்? அடுத்து, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை இயக்கும்போது, தானே உள்ளே நுழைய முடியாமல் போய்விடாதிருக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாற்றத்தை அவர் செய்ய நினைத்தது மிகச் சரியான முடிவு. இணையத்தில் 22ஆம் போர்ட் (எஸ்எஸ்ஹெச் வழக்கமாகப் பயன்படுத்தும் வாயில் எண்) திறந்திருக்கும் எந்தச் சர்வரிலும், பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், முகம் தெரியாதவர்களின் நிரல்கள் ரூட், அட்மின் என்ற பெயர்களில் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து முயன்றுகொண்டிருப்பது வரிவரியாகத் தெரியும்.

இப்போது காரணத்துக்கு வருவோம். எஸ்எஸ்ஹெச்சின் அமைப்புகள் உள்ள எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் கோப்பில் 'பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் நோ' (கடவுச்சொல் நுழைவு வேண்டாம்) என்று அவர் எழுதியது சரிதான். ஆனால் அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே 'இன்க்ளூட்' என்று ஒரு வரி இருக்கிறது, அது எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி என்ற அடைவில் உள்ள கோப்புகளை முதலில் படிக்கச் செய்கிறது. வாடகைச் சர்வர்கள் பலவற்றில் அங்கே 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் என்ற கோப்பு ஏற்கெனவே இருக்கும். அதில் 'பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் யெஸ்' (கடவுச்சொல் நுழைவு வேண்டும்) என்று எழுதியிருக்கும். பின்னால் எழுதியதே செல்லும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சர்வரில் எஸ்எஸ்ஹெச்சை நடத்தும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் அது நேர்மாறு, ஓர் அமைப்புக்கு முதலில் எந்த மதிப்பு கிடைக்கிறதோ அதுவே நிற்கும். ஆகவே அதே அடைவில் 10 என்ற எண்ணில் தொடங்கி .கான்ஃப் என்று முடியும் பெயரில் உங்கள் சொந்தக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அந்த வரியை அதில் எழுதுங்கள். பெயர் வரிசையில் அது முன்னால் வருவதால் முதலில் படிக்கப்படும்.

எழுதிய பிறகு சூடோ எஸ்எஸ்ஹெச்டி என்று இட்டு, ஹைபனுடன் ஆங்கிலச் சிறிய டி (t) எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால், கோப்பில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும். பிழை இல்லையென்றால் எதுவும் அச்சாகாது. பெரிய டி (T) கொடுத்தால், எல்லாக் கோப்புகளையும் படித்த பின் நடைமுறையில் இருக்கப்போகும் மதிப்புகளைப் பட்டியலிடும். நான் பெரிய டியைத்தான் நம்புவேன், ஏனெனில் கோப்பில் நாம் என்ன எழுதினோம் என்பதைவிட, சர்வர் என்ன புரிந்துகொண்டது என்பதே முக்கியம்.

அதன் பிறகு சிஸ்டம்சிடிஎல் மூலம் எஸ்எஸ்ஹெச் சேவையை ரீலோடு செய்யுங்கள் (புதிய அமைப்புகளைப் படிக்கச் செய்யுங்கள்). ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு இதனால் அறுந்துபோகாது. எனவே அந்த டெர்மினலை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு டெர்மினலில் சாவியைக் கொண்டு புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடியவில்லையென்றால், பழைய டெர்மினலில் அந்த வரியை நீக்கிவிட்டு, டாட் எஸ்எஸ்ஹெச் அடைவின் அனுமதி 700 ஆகவும், ஏற்கப்படும் சாவிகளின் பட்டியலான ஆதரைஸ்டு_கீஸ் கோப்பின் அனுமதி 600 ஆகவும் உள்ளனவா என்று பாருங்கள் (இரண்டும் உரிமையாளருக்கு மட்டுமே அனுமதி தருபவை). மற்றவர்களும் எழுதக்கூடிய அனுமதி அங்கே இருந்தால், சாவி சரியாக இருந்தாலும் சர்வர் அதை ஏற்காது.

இனி ஃபயர்வால். உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவை இயக்கிய உடனேயே, உள்ளே வரும் புதிய இணைப்புகள் இயல்பாக மறுக்கப்படும்; ஆகவே 'அலவ் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்' என்ற விதியை முதலில் சேர்த்த பின்பே 'எனேபிள்' கொடுக்க வேண்டும். போர்ட் எண்ணை மாற்றியிருந்தால் அந்த எண்ணையே அனுமதிக்க வேண்டும், ஏனெனில் அந்த விதி 22ஐ மட்டுமே திறக்கும். இயக்குவதற்கு முன்பு, சிஸ்டம்டி-ரன் கட்டளையைக் கொண்டு, 5 நிமிடம் கழித்து ஃபயர்வால் தானே அணையும்படி ஒரு டைமரை அமைத்துவிடுங்கள். புதிய டெர்மினலிலிருந்து நுழைய முடிந்தால் டைமரை நிறுத்திவிடலாம். முடியாமல் போனாலும் 5 நிமிடத்தில் வழி மீண்டும் திறந்துவிடும்.

இத்தனைக்கும் மேலாக, வாடகை நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும் கன்சோல் (சர்வரின் திரையை உலாவியிலேயே காட்டும் வசதி) எஸ்எஸ்ஹெச்சைச் சாராதது என்பதால், அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். ஆனால் கிளவுட் சர்வர்களில் உபுண்டு என்ற பயனருக்குப் பெரும்பாலும் கடவுச்சொல்லே வைக்கப்பட்டிருக்காது. அப்படியிருந்தால் கன்சோல் திறந்தாலும் உள்ளே போக முடியாது. அதனால் பாஸ்டபிள்யூடி (passwd) கட்டளையில் வலுவான கடவுச்சொல் ஒன்றை இன்றே வைத்து, கன்சோலில் ஒருமுறை நுழைந்து பார்த்த பிறகு மற்ற மாற்றங்களைத் தொடங்குங்கள்.