ரெக்கார்டில் இரைச்சலா? முதலில் ஊசியைத் தூக்குங்கள்

வணக்கம் நண்பர்களே. "ரெக்கார்டு போட்டால் பாட்டை விட இரைச்சல்தான் அதிகம், ஊசியை மாற்றிவிடலாமா?" நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நல்ல ஊசி என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்.

இதோ, தட்டு சுற்றுகிறது. ஊசியைத் தூக்கிவிட்டேன். இப்போது வால்யூமை ஏற்றுகிறேன்... கேட்கிறதா அந்த 'ம்ம்ம்'? ஊசி தட்டைத் தொடவே இல்லை. அப்புறம் ரெக்கார்டைக் குறை சொல்லி என்ன பயன்? இது கரண்டின் முனகல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும்தான் இப்படிக் கேட்கின்றன.

ரெக்கார்டு பிளேயரில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை? ஊசியின் அசைவைச் சிக்னலாக மாற்றும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதில் சாதாரணமான மூவிங் மேக்னெட் வகை தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். சிடி பிளேயரில் 2 வோல்ட் வரை வரும். அந்தத் துளியூண்டு சிக்னலைப் போனோ ஆம்ப், அதாவது ரெக்கார்டு பிளேயருக்கென்றே உள்ள பெருக்கி, பல மடங்கு பெருக்குகிறது. போதாததற்கு, தட்டில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள். ஆம்ப் அதைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஆர்ஐஏஏ என்ற அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கம் 1954-இல் வகுத்த கணக்கு அது. அதன்படி 50 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 17 டெசிபல் கூடுதல். கரண்டின் முனகலும் டிக்கெட் வாங்காமல் அதே வண்டியில் ஏறிக்கொள்கிறது.

ஆகவே பிளேயரின் பின்னால் தொங்கும் மெல்லிய கிரவுண்ட் வயரைப் பாருங்கள். ஆம்பில் 'ஜிஎன்டி' என்று ஒரு திருகு இருக்கும், அதில் இறுக்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். போகவில்லையா? அடாப்டர்களைத் தள்ளி வையுங்கள், பவர் கேபிளையும் ஆடியோ கேபிளையும் ஒன்றாகச் சுருட்டாதீர்கள். யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் கேட்பவர்கள் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எர்த் பின்னைப் பிடுங்கினால் சத்தம் போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் கேட்காதீர்கள், உயிர் விஷயம்.

சரி, ஊசி மேலே இருக்கும்போது அமைதி, இறக்கினால் 'கும்' என்கிறதா? மோட்டாரை நிறுத்தி, நின்றிருக்கும் தட்டில் ஊசியை வைத்து, மேசையை மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் அந்தத் தட்டல் பெரிதாக வந்தால், ஸ்பீக்கரின் அதிர்வும் அப்படியே ஊசிக்குப் போகிறது என்று அர்த்தம். ஸ்பீக்கரை வேறு மேசைக்கு மாற்றுங்கள்.

அடுத்து 'டிக்... டிக்'. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. டிக் சத்தம் அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அது கீறல். கழுவினாலும் போகாது. தாறுமாறாகச் சடசடவென்று வந்தால் தூசி, இல்லையென்றால் ஸ்டாட்டிக், அதாவது தட்டில் தேங்கும் நிலைமின்சாரம். ஏசி அறையில் காற்று காய்ந்திருக்கும்போது ஸ்டாட்டிக் அதிகம். போடுவதற்கு முன் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் ஒரு சுற்று துடைத்தால் போதும். தட்டு தேயும் என்று பயந்து ஊசியின் எடையைக் குறைக்காதீர்கள். பள்ளத்துக்குள் ஊசி நிலையாக நிற்காமல் துள்ளினால்தான் தட்டுக்குச் சேதம்.

தாத்தா காலத்து 78 தட்டு வைத்திருப்பவர்களே, அது அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரையும். 33⅓ வேகத் தட்டுக்கான எல்பி ஊசியும் அதற்கு ஆகாது. பள்ளம் அகலம், ஊசி அடியில் உரசிக் கரகரக்கும்.

கடைசியாக, பழைய மோனோ தட்டுகள், அதாவது ஸ்டீரியோ மாதிரி இடது வலது என்று பிரிக்காமல் ஒரே ஒலியாகப் பதிந்தவை. மோனோவில் பாட்டு பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேலும் கீழுமான அசைவையும் படித்து, தேவையில்லாத கரகரப்பைக் கூடவே கொண்டுவருகிறது. இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்தால் அந்த மேல்கீழ்ப் பங்கு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இதோ ஆம்பில் மோனோ பட்டனை அழுத்துகிறேன். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்... முதலில் ஸ்டீரியோ... இப்போது மோனோ.