சிஸ்டர்களோட சம்பளம் எங்கே போகுது?

[காட்சி: பள்ளி வாசல். கையில் விடைத்தாள் கட்டோடு ஒரு சிஸ்டர்]

பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்குற சிஸ்டருக்கும், அதாவது கன்னியாஸ்திரிக்கும், மத்த டீச்சர் மாதிரி சம்பளம் வரும். ஆனா அதுல சல்லிக்காசு கூட அவங்ககிட்ட தங்காது. அப்படியே அவங்க சேர்ந்திருக்கிற துறவற சபையோட பொதுக்கணக்குக்குப் போயிடும். இது ஏதோ தலைவியா இருக்குற மதரோட கண்டிப்புன்னு நினைச்சுடாதீங்க. கத்தோலிக்கத் திருச்சபை 1983-ல வெளியிட்ட சட்டத் தொகுப்பிலேயே இருக்கு: துறவி உழைச்சுச் சம்பாதிக்கிறது சபைக்குத்தான் சேரும்.

அப்போ பிறந்த வீட்டுச் சொத்து? பெரும்பாலான சபைகள்ல அது அவங்க பேர்லயே இருக்கலாம். ஆனா முதல் வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது துறவியா வாழ்வேன்னு கடவுளுக்குக் கொடுக்குற வாக்குறுதிக்கு, முன்னாடியே அதைப் பார்த்துக்குற பொறுப்பை வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடணும். ஆயுசு முழுக்கன்னு கொடுக்குற நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னாடி உயிலும் எழுதியாகணும். முப்பது வயசைத் தொடுற பொண்ணு உட்கார்ந்து உயில் எழுதுறதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க!

இதெல்லாம் ஒரே நாள்ல நடக்குற விஷயமும் இல்ல. புதுசா சேர்றவங்களுக்கான நவகன்னியர் பயிற்சி குறைஞ்சது 12 மாசம். அப்புறம் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல்னு மூணு வார்த்தைப்பாடு, அதுவும் முதல்ல தற்காலிகமா, குறைஞ்சது 3 வருஷம். அந்தக் கெடு முடியுறப்போ, ‘இது எனக்குச் சரிப்படாது’ன்னு கிளம்பிப் போகலாம். சட்டமே அதுக்கு இடம் கொடுக்குது.

[காட்சி: மாலை. சின்ன சிற்றாலயம்]

சிஸ்டர்கள் சேர்ந்து வாழுற ஒரு இல்லத்துக்குள்ள போய்ப் பார்ப்போம். நாலு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்குவோம். ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் ஹாஸ்டல் வார்டன், ஒருத்தர் வக்கீலுக்குப் படிச்சவங்க, ஒருத்தருக்கு எண்பது தாண்டியாச்சு. மாலைப்புகழ்ங்கிற சாயங்கால செப நேரம். ரெண்டு பக்கமா உட்கார்ந்து பைபிள்ல இருக்குற திருப்பாடல் வரிகளை மாத்தி மாத்திச் சொல்றாங்க. மூத்தவங்க கண்ணாடியைத் தேடுறப்போ எதிர்ப்பக்கமும் நிக்கும். முடிஞ்சதும் சாப்பாடு, பாத்திரம் கழுவ முறை போட்டிருக்கும். செருப்பு அறுந்துபோச்சுன்னா இல்லத்தலைவிகிட்டதான் கேக்கணும். அந்தச் செலவும் எல்லாரோட செலவோட சேர்ந்து ஒரே நோட்டுல ஏறும்.

இந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேர்ந்தெடுத்து வந்தவங்க இல்ல. சபையிலிருந்து ஒரு மாற்றல் கடிதம் வந்தா வேற ஊர், வேற மொழி, வேற முகங்கள். என்னைக் கேட்டா ஏழ்மையை விட இதுதான் கஷ்டம். கையில காசு இல்லாம இருந்துடலாம். ஒத்துவராதவங்களோட தினமும் ஒரே மேஜையில சாப்பிடுறது லேசு இல்ல.

சரி, இதுக்கும் சேவைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சிஸ்டரோட சம்பளத்துலதான் சம்பளமே வராத இன்னொரு சிஸ்டர் சிறைக்கும், சேரிக்கும், அகதி முகாமுக்கும் போக முடியுது. ‘இந்த வேலையில வருமானம் வருமா’ங்கிற கேள்வி அவங்களைத் தடுக்காது.

[காட்சி: உலக வரைபடம். புள்ளிகள் கோடுகளால் இணைகின்றன]

2009-ல உருவான ‘தலித்தா கூம்’ங்கிற ஆள்கடத்தல் எதிர்ப்பு வலையமைப்பை எடுத்துக்குங்க. சபைத் தலைவியரோட உலகப் பேரவை தொடங்கினது. வேலைன்னு நம்பி வந்த பொண்ணு ஒரு நாட்டுல மீட்கப்பட்டா, அங்கே ஒரு சபை அடைக்கலம் கொடுக்கும். ஊர் திரும்பினதும் வேற சபை சிஸ்டர்கள் பார்த்துக்குவாங்க. தனித்தனி சபைகளா இருந்தா இந்தச் சங்கிலி அமையாது. சூடான்ல கடத்தப்பட்டு அடிமையா விற்கப்பட்டு, பின்னாடி இத்தாலியில கன்னியாஸ்திரியான புனித ஜோசஃபின் பகிட்டாவோட திருநாள் பிப்ரவரி 8. 2015-லிருந்து அது ஆள்கடத்தலுக்கு எதிரான செப நாளும் கூட.

இப்போ சிக்கலுக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்துல உலகம் முழுக்க ஏறக்குறைய 10 லட்சம் சிஸ்டர்கள் இருந்தாங்க. இன்னைக்கு 6 லட்சத்துக்கும் குறைவு. ஆப்பிரிக்காவுல எண்ணிக்கை கூடுது, ஐரோப்பாவுலயும் வட அமெரிக்காவுலயும் வேகமா சரியுது. அங்கே பல சபைகள் ஒண்ணோட ஒண்ணு இணையுது, ஆஸ்பத்திரிகளைத் துறவிகளோ குருக்களோ அல்லாத பொதுநிலையினர்கிட்ட ஒப்படைக்குது.

பொதுக்கணக்கு முதல்ல ஆட்டம் காணுறதும் அங்கேதான். சம்பாதிக்கிற கை குறைவு, கவனிப்பு தேவைப்படுற முதியவங்க அதிகம். அமெரிக்காவுல பல வருஷம் சொற்பத் தொகைக்குப் பள்ளிகளை நடத்தின சிஸ்டர்களுக்கு முதுமைக்குன்னு போதுமான சேமிப்பு இல்ல. அதனால 1988-லிருந்து அந்நாட்டுப் பங்குக் கோவில்கள்ல வருஷா வருஷம் வயதான துறவிகளுக்காகத் தனியா காணிக்கை பிரிக்கிறாங்க.