காஸ்டிக் சோடாவைத் தலையில தடவினாங்க! சுருட்டை முடி திரும்பி வந்த கதை

(திரையில்: சிங்க் அடைப்பு எடுக்கிற பவுடர் ஒண்ணு, பக்கத்துல அழகான க்ரீம் டப்பா ஒண்ணு)

மக்களே, இந்த ரெண்டு டப்பாவுலயும் இருக்கிறது சோடியம் ஹைட்ராக்சைடு. நம்ம சோப்பு காய்ச்சப் போடற அதே காஸ்டிக் சோடா. முதல் டப்பா சிங்க்குக்கு. ரெண்டாவது, அமெரிக்கக் கருப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையா சுருட்டை முடியை நேராக்கத் தலையில தடவின ரிலாக்ஸர் க்ரீம்.

முடியை நிமிர்த்தற க்ரீம் எப்படி வந்துச்சுன்னு ஒரு கதை இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, ஸ்கிப் பண்ணிடாதீங்க. 1900களோட தொடக்கம், கிளீவ்லாண்ட் நகரம். கேரட் மோர்கன்னு ஒரு கருப்பினத்தவர், தையல் மெஷின் ரிப்பேர் பண்றவர். கம்பளித் துணி தைக்கும்போது ஊசி சூடேறித் துணியைக் கருக்குதுன்னு ஒரு திரவம் கலக்கிட்டு இருந்தார். சாப்பாட்டு நேரம் ஆச்சு, கையை ஒரு துணியில துடைச்சுட்டுப் போயிட்டார். திரும்பி வந்து பார்த்தா துணியோட சுருள் இழையெல்லாம் நெட்டுக்கு நிக்குது!

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? அவர் பக்கத்து வீட்டு நாயைப் பிடிச்சார். ஏர்டேல் டெரியர், உடம்பெல்லாம் சுருள் முடி. தடவினார். வீட்டுக்குப் போன நாயை, யார் வீட்டு நாயோன்னு சொந்தக்காரரே துரத்தி விட்டாராம்! அப்புறம் தன் தலையிலயும் தடவிப் பார்த்துட்டுத்தான் விக்க ஆரம்பிச்சார். இதே மனுஷன்தான் 1914ல புகைக்குள்ள மூச்சு விட உதவுற முகமூடிக்கும், 1923ல டிராஃபிக் சிக்னலுக்கும் பேட்டன்ட் வாங்கினவர். நாய் மட்டும் எந்த வரலாற்றுப் புத்தகத்துலயும் பேரில்லாம போயிடுச்சு.

காஸ்டிக் சோடா ரிலாக்ஸர் கடைகள்ல பரவினது அதுக்கு ரொம்பப் பின்னாடி. சரி, கெமிஸ்ட்ரி. ஓடிப் போயிடாதீங்க, ஒரே நிமிஷம். முடிங்கறது கெராட்டின் புரதம். அதுல ரெண்டு ரெண்டு கந்தக அணு சேர்ந்து, ஜாக்கெட் கொக்கி மாதிரி பிடிச்சிருக்கும். நம்மூர் பார்லர்ல பண்ற ரீபாண்டிங் அந்தக் கொக்கியைக் கழட்டி, முடியை நீட்டா இழுத்து, வேற இடத்துல மாட்டுது. ரிலாக்ஸர், கொக்கியில பாதியைப் பிடுங்கிப் போட்டுட்டு மீதியை நிரந்தரமா தச்சுடுது. அந்த முடிக்குச் சுருளைத் திருப்பிக் கொடுக்கிற ஷாம்பூ, மாஸ்க், எண்ணெய் எதுவுமே கிடையாது. யாராவது வித்தா உங்க காசைக் காப்பாத்திக்கோங்க.

ஆனா வேர்க்கால் உயிரோட இருக்கு. அது வளைஞ்சிருக்கிறதால புதுசா வர்ற முடி சுருண்டுதான் வரும். அதனாலதான் 6லிருந்து 8 வாரத்துக்கு ஒரு தடவை, புதுசா வளர்ந்த முடிக்கு மறுபடி ரிலாக்ஸர் தடவற டச்-அப். வியாபாரம் எங்க இருக்குன்னு புரியுதா?

(திரையில்: ஒரே முடியிழை, மேல சுருள், கீழ நேர்)

இதை நல்லா பாருங்க. ரிலாக்ஸரை விட்ட நாலஞ்சு மாசத்துல எல்லார் தலையும் இப்படித்தான். மாசத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. தான் வளரும். சுருளும் நேரும் சேர்ற அந்த இடம்தான் ரொம்ப வீக். ஈரத் தலையில சீப்பைப் போட்டா அங்கதான் சிக்கும், அங்கயே பட்டுனு ஒடியும். அதனால ரெண்டே வழி. பின்னல் போட்டு மறைச்சு, வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா நுனியை வெட்டிட்டே வரணும். இல்ல, ஒரே நாள்ல கத்தரி! இதுக்கு ‘பிக் சாப்’னு பேர். நாலஞ்சு வயசுலயே ரிலாக்ஸர் போட ஆரம்பிச்சவங்க பல பேர், தன்னோட சொந்தச் சுருள் எப்படி இருக்கும்னு முதல் தடவையா பார்க்கிறதே முப்பது வயசுக்கு மேலதான். என்னைக் கேட்டா, இந்த மொத்தக் கதையிலயும் மனசைப் பிசையற இடம் இதுதான்.

2022ல 33,497 பெண்களை வச்சு வந்த அமெரிக்க ஆய்வு: ரிலாக்ஸர் மாதிரி முடியை நேராக்கற பொருள் பயன்படுத்தாதவங்களுக்கு 70 வயசுக்குள்ள கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு 1.64 சதவீதம், வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல பயன்படுத்தினவங்களுக்கு 4.05. தொடர்பு இருக்குன்னுதான் அர்த்தம், இதுதான் காரணம்னு நிரூபணம் ஆகல.

சரி, வெட்டியாச்சு, சுருள் வந்தாச்சு. வேலை கிடைக்குமா? 2010ல அலபாமாவுல ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிட்டாங்க. அவங்க முடியை லாக்ஸா, அதாவது திரிதிரியா சடை மாதிரி விட்டிருந்தாங்க, வெட்ட மாட்டேன்னாங்க. அவ்வளவுதான் குற்றம்! தோல் நிறத்தைத்தான் மாத்த முடியாது, சிகை அலங்காரத்தை மாத்திக்கலாமேங்கற தர்க்கத்துல 2016ல கோர்ட்டும் கம்பெனி பக்கமே நின்னுச்சு. 2019 ஜூலையில கலிஃபோர்னியாதான் முதல்ல ‘க்ரௌன் சட்டம்’ போட்டு, முடியை வச்சு வேலையிலயும் ஸ்கூல்லயும் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு சொன்னது. நியூயார்க்கும் உடனே சேர்ந்துடுச்சு. நாடு முழுக்கச் செல்ற மாதிரி கொண்டு வந்த மசோதா 2022ல கீழ்சபையில ஜெயிச்சு, செனட்ல நின்னு போச்சு. மோர்கனோட டிராஃபிக் சிக்னலுக்குப் பேட்டன்ட் கொடுத்த ஊர்ல பச்சை விழ இவ்வளவு நேரமா?

ரீபாண்டிங் பண்ணி அப்புறம் விட்டவங்க யாராவது இருந்தா, வெட்டினீங்களா, வளரவிட்டீங்களான்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோ கெராட்டின் ட்ரீட்மென்ட். அந்தக் கண்ணெரிச்சல் புகை என்னன்னு பார்ப்போம்.