கரும்புள்ளிக்குள் இருப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம். உடம்புக்குள் செலுத்திய செல்கள் எங்கே போகின்றன என்று எம்.ஆர்.ஐ. படத்தில் பார்ப்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தவர்கள் வெளியே வந்ததும் முதலில் பேசுவது அந்தச் சத்தத்தைப் பற்றித்தான். காதை அடைத்துக்கொண்டாலும் கடகடவென்று கேட்கும். உள்ளே கம்பிச்சுருள்களில் மின்சாரம் மாறி மாறிப் பாய்கிறது. பெரிய காந்தத்துக்கு நடுவில் அவை அதிர்கின்றன. சத்தம் அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பெரிய காந்தம் பல இடங்களில் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தத்தைப்போல ஏறக்குறைய 30,000 மடங்கு!

இவ்வளவு பலத்தையும் வைத்துக்கொண்டு அது விசாரிப்பது, பெரும்பாலும் நம் உடம்பின் தண்ணீரை. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் தரும் சமிக்ஞையைப் படமாக்கும் வழியை 1973-ல் பால் லாட்டர்பர் என்ற விஞ்ஞானி காட்டினார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டோடு சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது 2003-ல்.

நரம்பு நோய்களில் இதனால் அதிகம் தெளிந்தது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பிழையின் மயலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் செல்களே அரிக்கிற நோய் அது. நோயாளி ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று சொல்லும் மாதத்தில்கூட மூளையில் புதிய புண் கிளம்பியிருக்கும். காடோலினியம் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றினால் அந்தப் புதுப்புண் பளிச்சென்று தெரியும். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு அங்கே கசிகிறது என்று அர்த்தம். சரி, கசிவு தெரிகிறது. உள்ளே நுழைந்த செல்கள் தெரிகின்றனவா? இல்லை.

செல்லையே பார்க்க ஒரு வழி கண்டார்கள். செல்களை வெளியே எடுத்து, மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களோடு வளர்த்தால் அவை அதை விழுங்கிவிடும். பிறகு உடம்புக்குள் செலுத்தினால், போய்ச் சேர்ந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். குளத்தில் விழுந்த கல்லைவிட அலைவட்டம் பெரிதல்லவா, அப்படி இரும்பைவிட அது உண்டாக்கும் கறுப்பு பெரிது. அதனால்தான் கண்ணில் படுகிறது.

நான் எங்கே பேசப் போனாலும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது, இங்கேயும் சொல்லிவிடுகிறேன். நரம்பு நோயல்ல, மெலனோமா என்ற தோல் புற்றுநோய். நெதர்லாந்தில் நோயாளிகளின் சொந்த டென்ட்ரிடிக் செல்களையே, அதாவது எதிரியை மற்ற எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் செல்களையே தடுப்பூசியாக்கி, எதிர்ப்புச் செல்கள் கூடும் நிணநீர்க் கணுவுக்குள் போட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. அல்ட்ராசவுண்டில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே போட்டார்கள். செல்களில் இரும்பும் இருந்தது, கதிரியக்க அடையாளமும் இருந்தது. கதிரியக்கப் படத்தைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 8 பேரில் 4 பேருக்கு மருந்து கணுவுக்குள் சரியாகப் போய்ச் சேரவே இல்லை! 2005-ல் வெளிவந்த ஆய்வு இது. யோசித்துப் பாருங்கள்: ஒரு சிகிச்சை பலிக்கவில்லை என்றால் செல்லைக் குறை சொல்வோம், ஊசி இடம் தவறியது யாருக்குத் தெரியும்? மூளையிலும் தண்டுவடத்திலும் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல், போடுகிறவர்கள் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

ஆனால் ஒன்று. கரும்புள்ளி என்பது இரும்பு, செல் அல்ல. திரும்பவும் சொல்கிறேன், இரும்பு! நாம் போட்ட செல் செத்துப்போனாலும் இரும்பு அங்கேயே கிடக்கும். குப்பை அள்ளும் மேக்ரோபேஜ் செல் அதை விழுங்கிக்கொண்டு நகர்ந்தால், நம் செல்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். பழைய ரத்தக்கசிவும் கறுப்புதான். செல் உயிரோடு பெருகினாலோ, ஒவ்வொரு பிரிவிலும் இரும்பு பங்காகி, புள்ளி மங்கும். ஆக, செத்தது தெரிகிறது, பெருகுவது மறைகிறது! ‘ஸ்டெம் செல் மூளையில் வேலை செய்வதைப் படத்தில் காட்டுகிறோம்’ என்று யாராவது சொன்னால், புள்ளிக்குள் இருப்பது யார் என்று கேளுங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கைகாட்டுகிறார்கள். இரும்புக்குப் பதிலாகச் செல்லில் அடையாளமாக ஏற்றும் ஃப்ளோரினைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். எலும்பையும் பல்லையும் விட்டால் உடம்பில் அது கிட்டத்தட்ட இல்லை. அந்த இரண்டில் இருப்பதும் படத்தில் வராது. எனவே தெரிவதெல்லாம் நாம் செலுத்தியதுதான், ரத்தக்கசிவோடு குழப்பமில்லை. செல்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடியிருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் செல்லே தன் அடையாளத்தைத் தயாரிக்கும்படி மரபணு சேர்க்கும் முறையும் இருக்கிறது. சமிக்ஞைதான் இன்னும் பலவீனம். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.