சண்டை நடந்த வீட்டில் ஒரு துதிப்பாட்டு

அவையோருக்கு வணக்கம். சாரா குரோவ்ஸ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகியின் ஓர் ஆல்பத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

குடும்பத்தைப் பாடுவது அமெரிக்கக் கிறிஸ்தவ இசைக்குப் புதிதல்ல. 1997-இல் பாப் கார்லைல், மணமாகிப் போகும் மகளை நினைத்துத் தகப்பன் உருகும் 'பட்டர்ஃப்ளை கிஸ்ஸஸ்' பாட்டைப் பாடினார். அது இடம்பெற்ற ஆல்பம், அமெரிக்க இசை விற்பனையைக் கணக்கிடும் பில்போர்ட் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. அந்தப் பாட்டுக்குக் கிறிஸ்தவ இசைக்கான டவ் விருதும், மறு ஆண்டு கிராமி விருதும் வந்தன. கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள், நியாயமான கண்ணீர்தான். ஆனால் அந்தப் பாட்டில் வரும் வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசுவதில்லை. அப்படி ஒரு வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதற்குப் பாடகர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த இசையைப் பெருமளவில் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது வானொலி. 1982-இல் கலிபோர்னியாவில் தொடங்கி நாடெங்கும் பரவிய கே-லவ் நிலையம், நம்பிக்கையும் ஊக்கமும் தருவோம் என்பதையே தன் முழக்கமாக வைத்திருக்கிறது. பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் தாய் தகப்பன்மார் கேட்கிற வானொலி அது. கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசாத இரவைப் பற்றிய பாட்டுக்கு அங்கே எந்த நேரத்தில் இடம் கிடைக்கும்?

சாரா குரோவ்ஸ் அந்த இரவைத்தான் பாடினார். மினசோட்டாவில் பள்ளி ஆங்கில ஆசிரியையாக இருந்து, 1998-இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தவர். கையில் பியானோ, மெல்லிய குரல், நாட்டார் இசைச் சாயலுள்ள எளிய மெட்டு. 2009-இல், சார்லி பீகாக்கின் தயாரிப்பில், 'ஃபயர்ஃப்ளைஸ் அண்ட் சாங்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆல்பமாக அதை 'கிறிஸ்டியானிட்டி டுடே' இதழ் தேர்ந்தெடுத்தது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

அதில் 'இட்ஸ் மீ' என்று ஒரு பாட்டு. ஒரு கண நேரத்தில் கனிவெல்லாம் வற்றிப்போகிறது. துப்பாக்கிச் சண்டைக்கு நிற்பவர்களைப் போல இருவரும் அடி எண்ணி விலகுகிறார்கள். சண்டைக்கு என்ன காரணம் என்று பாட்டு சொல்வதில்லை. அதுதான் அதன் சாமர்த்தியம். காரணம் தெரிந்தால் நாம் உடனே நீதிபதி ஆகிவிடுவோம்; யார் பக்கம் நியாயம் என்று தராசைத் தூக்குவோம். இங்கே அதற்கு வழியே இல்லை. எதிரே நிற்பது எதிரி இல்லை, நான்தான் என்ற கெஞ்சல் மட்டும் நம் காதில் விழுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குரோவ்ஸின் கணவர்தான் அவருடைய மேலாளராக இருந்தவர். மேடையில் அவருக்குத் தாளம் வாசித்தவரும் அவரே. ஆக, மணவாழ்க்கைச் சண்டையைப் பற்றி மனைவி ஊரறியப் பாடும்போது, பின்னால் உட்கார்ந்து தாளம் பிடிப்பவர் அந்த மணவாழ்க்கையின் மறுபாதி! இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

'டிஃபரண்ட் கைண்ட்ஸ் ஆஃப் ஹாப்பி' அதே மனிதர்களின் அடுத்த கட்டம். எதை வேண்டுமானாலும் கேள், மறைக்க மாட்டேன் என்கிறது அந்தப் பாட்டு. ஒருவரிடம் ஒருவர் உண்மையைச் சொல்லித் தீர்த்த பிறகு வரும் மகிழ்ச்சி, கல்யாண நாளில் இருந்த மகிழ்ச்சியைப் போல இருக்காது. அது வேறு ரகம். பாவ அறிக்கையை ஆலயத்தில் முழங்காலில் நின்று செய்வதாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். இவர் அதைப் படுக்கையறைக்குக் கொண்டுவருகிறார். 'செட்டிங் அப் த பின்ஸ்' கொஞ்சம் விளையாட்டான பாட்டு. பந்தை உருட்டி வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்தில் விழுவதற்கென்றே கட்டைகளை நிறுத்துவதைப் போன்ற அன்றாட வேலைகளை அது பாடுகிறது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இதெல்லாம் விசுவாசப் பாடலா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைப் பைபிளில் உள்ள சங்கீத புத்தகத்துக்கே அனுப்புகிறேன். "உன் பிள்ளைகள் உன் பந்தியைச் சுற்றிலும் ஒலிவமரக் கன்றுகளைப்போல் இருப்பார்கள்" என்ற 128-ஆம் சங்கீதத்தைக் கல்யாண வீடுகளில் வாசிக்கிறோம். அதே புத்தகத்தில்தான் 88-ஆம் சங்கீதமும் இருக்கிறது. சிநேகிதனும் தோழனும் தூரமாய் விலக்கப்பட்டார்கள் என்று தேவனிடமே முறையிட்டு, ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் அது முடிகிறது. தொகுத்தவர்கள் அதை வெளியே தள்ளவில்லை. அப்போஸ்தலன் பவுலும் எபேசியருக்குக் கடிதம் எழுதும்போது கோபமே வராது என்று நடிக்கச் சொல்லவில்லை. "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்றுதான் எழுதினார். எரிச்சல் உண்டு என்று ஒத்துக்கொண்ட பிறகு சொன்ன வார்த்தை அது.

இப்படிப்பட்ட பாட்டுக்குச் சின்ன இசைதான் பொருந்தும். ஆயிரம் பேர் கை உயர்த்திப் பாடும் ஆராதனைப் பாட்டில் 'நாம்' என்றுதான் சொல்ல முடியும். 'நேற்று நான் உன்னிடம் சொன்னது' என்று அத்தனை பேர் சேர்ந்து பாட முடியுமா? ஒரு பியானோவும் ஒரு குரலும் இருந்தால் அந்த வரிக்கு இடம் கிடைக்கிறது.

எனக்கு ஒரு குறையும் உண்டு. இந்த மணவாழ்க்கையை மனைவியின் பக்கத்திலிருந்து மட்டுமே கேட்கிறோம். கணவரின் பதிலாக ஒரு பாட்டாவது இருந்திருக்கலாம். அவர் தாளத்தோடு நிறுத்திக்கொண்டார்.