நாளை முதல் முறையாக வார்டுக்குப் போகிறவர்களுக்கு

வணக்கம். கேமரா கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஒரு நிமிடம்... சரி, இப்போது பரவாயில்லை. நாளைக் காலை எங்கள் நர்சிங் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் முதல் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு, அதாவது மருத்துவமனை வார்டில் நேரடிப் பயிற்சிக்குப் போகிறார்கள். நான் அவர்களுடைய கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். இரண்டு வாரமாக ஸ்கில் லேபில் அவர்களோடுதான் இருக்கிறேன். படுக்கை விரிப்பு, ஸ்பஞ்ச் பாத், வைட்டல்ஸ் (வெப்பநிலை, நாடி, மூச்சு, பி.பி.) எல்லாவற்றையும் மேனிகின் பொம்மை மேலும் ஒருவர் மேல் ஒருவரும் செய்து பார்த்துவிட்டார்கள். ஆனாலும் இன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கி நின்று, "மேம், நாளைக்கு ஒரு நோயாளி முன்னால் போய் நின்றதும் முதலில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். வாசலில் நின்றபடியே இரண்டு வரியில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த வீடியோ. அவளுக்காகவும், அவளைப் போல எங்கேயோ நாளைக்கு முதல் நாள் போகிற எல்லோருக்காகவும்.

முதலில் என் கதை ஒன்று. நான் மாணவியாக இருந்தபோது, போஸ்டிங் ஆரம்பித்து இரண்டாவது வாரம். காலை வைட்டல்ஸ், எனக்கு எட்டுப் படுக்கை. வெப்பநிலை பார்த்தேன், நாடி பார்த்தேன், பி.பி. பார்த்தேன். மூச்சை மட்டும் எண்ணவில்லை. சார்ட்டில் முந்தைய இரவு 18 என்று இருந்தது, அதற்கு முந்தைய மாலையும் 18, நானும் எட்டுப் பேருக்கும் 18 எழுதிவிட்டேன். யாரும் தவறு என்று நினைக்காத தவறு அது, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது படுக்கையில் ஒரு அம்மா, வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். என்னைப் பார்த்துச் சிரித்தார், "நல்லா இருக்கேன் பாப்பா" என்றார். கொஞ்ச நேரத்தில் வார்டு சிஸ்டர் ரவுண்டு வந்தார். அந்தப் படுக்கைப் பக்கம் நின்றார், எதுவும் பேசவில்லை, அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுக்க நின்றார். அப்புறம் சார்ட்டைப் பார்த்தார், என்னைத் தனியாக அழைத்தார். "முப்பத்திரண்டு இருக்கிறது. இந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். திட்டவில்லை. அந்தக் கேள்வி மட்டும்தான். என்னிடம் பதில் இல்லை. நாடியும் 104-க்கு ஏறியிருந்தது, நானே என் கையால் எழுதியிருந்தேன், அதுவும் என் கண்ணில் படவில்லை.

நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். சிஸ்டர் நின்று எண்ணியதால் பிழைத்தார்.

அதனால் நான் மாணவர்களிடம் எதற்கும் முன்னால் சொல்வது ஒன்றுதான்: எண்ணாததை எழுதாதீர்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். கை நடுங்கலாம், மெதுவாகச் செய்யலாம், பத்து நிமிட வேலைக்கு நாற்பது நிமிடம் ஆகலாம், அதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். ஆனால் எண்ணாமல் எழுதுகிற பழக்கம் முதல் வாரத்தில் ஒட்டிக்கொண்டால் இருபது வருடத்துக்கும் போகாது.

சரி, மூச்சு எண்ணுவது எப்படி என்று காட்டுகிறேன், என் கையிலேயே. நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடிக்கிறீர்களா, நாடியை எண்ணி முடித்ததும் விரலை எடுக்காதீர்கள். அப்படியே பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் மார்புக்குக் கொண்டு போங்கள். "இப்போது உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொல்ல வேண்டாம், சொன்னால் யாருக்குமே மூச்சு மாறிவிடும், உங்களுக்கே இப்போது மாறியிருக்கும். மார்பு ஏறி இறங்கினால் ஒன்று. அறுபது விநாடியும் எண்ணுங்கள், பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம், ஏனென்றால் ஒன்று தவறினால் நான்கு தவறுகிறது. போர்வை மூடியிருந்து ஏற்ற இறக்கம் தெரியவில்லையென்றால் அவர்கள் கையை மடக்கி அவர்கள் வயிற்றின் மேலேயே வைத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதோ, இப்படி. மூச்சோடு சேர்ந்து கை ஏறும், உங்கள் விரலுக்கே தெரியும். ஓய்வாக இருக்கிற பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை. உடம்புக்குள் ஏதோ சரியில்லை என்பதைப் பல நேரம் பி.பி. காட்டுவதற்கு முன்னால் மூச்சு காட்டிவிடும், அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

பி.பி. விஷயமும் அப்படித்தான். கையில் சுற்றிக் கட்டுகிற இந்தக் கஃபைப் பாருங்கள், உள்ளே காற்று நிரம்புகிற பை இருக்கிறதல்லவா, அது கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னக் கஃப் கட்டினால் இல்லாத ரத்த அழுத்தம் இருப்பதாகக் காட்டும். கால் மேல் கால் போட்டிருந்தாலும், கை தொங்கிக்கொண்டிருந்தாலும், நடுவில் பேசினாலும் கூடித்தான் காட்டும். நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். ஸ்டெத்தில் சத்தம் சரியாகக் கேட்கவில்லையா, காற்றை முழுக்க இறக்கி ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் கேட்கவில்லையென்றால் "சிஸ்டர், எனக்குக் கேட்கவில்லை, நீங்கள் ஒரு முறை பாருங்கள்" என்று சொல்லுங்கள். 120/80 என்று எழுதிவிட்டு வராதீர்கள். தெரியாது என்று சொல்கிற மாணவியை நான் ஒரு நாளும் குறைவாக நினைத்ததில்லை. நல்ல சிஸ்டர்கள் யாரும் நினைக்க மாட்டார்கள்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நோயாளி முன்னால் போனதும் முதலில் கை சுத்தம். அப்புறம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், மாணவி என்பதையும் சொல்லுங்கள், அதை மறைக்கவே கூடாது. "அம்மா, நான் நர்சிங் முதலாம் ஆண்டு மாணவி, உங்களுக்கு பி.பி. பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, முகம் வாடாமல் சரி என்று சொல்லிவிட்டு உங்கள் ஸ்டாஃபிடம் போய்ச் சொல்லுங்கள். பெயரைக் கேட்கும்போது "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்காதீர்கள். காது மந்தமானவர், மருந்து மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்கள் முழுப் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?" என்று அவர் வாயால் சொல்ல வைத்து, கையில் கட்டியிருக்கிற பட்டையோடு ஒப்பிடுங்கள். படுக்கை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், படுக்கையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கை கழுவுவது பற்றிப் பேசினால் உங்களுக்கு அலுப்பாக இருக்கும், தெரியும். ஆனால் இது மாணவர்களின் கதையாகத்தான் ஆரம்பித்தது. 1847-இல் வியன்னாவின் பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இருந்தார். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பயிலும் பிரிவில் தாய்மார்கள் காய்ச்சலில் நிறையப் பேர் இறந்தார்கள், மருத்துவச்சிகள் பயிலும் பிரிவில் அவ்வளவு இல்லை. மாணவர்கள் பிரேதப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். குளோரின் கலந்த கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் ஏறக்குறைய 2 சதவீதமாக இறங்கியது. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பதை மருத்துவ உலகம் இன்னும் ஏற்காத காலம் அது. அந்த மாணவர்கள் கெட்டவர்கள் இல்லை, படிக்க வந்தவர்கள், உங்களைப் போல.

கை சுத்தம் செய்ய வேண்டியவை என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிற ஐந்து தருணங்களைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் எல்லோரும் தவறவிடுவது கடைசி ஒன்று, நோயாளியைத் தொடாமல் அவருடைய கட்டில் கம்பியையோ மேஜையையோ தொட்டுவிட்டு வந்தாலும் கை சுத்தம் செய்ய வேண்டும் என்பது. ஆல்கஹால் கலந்த ஹேண்ட் ரப் தேய்ப்பதென்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 விநாடி. கையுறை போட்டிருந்தேன் என்பது கை கழுவியதற்குச் சமம் ஆகாது.

டிரிப் ரேட்டை, அதாவது நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏறுகிற திரவத்தின் வேகத்தை, ஒரு முறை கூடவே கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 மில்லி, நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டிருக்கிறது. ஐந்நூறை இருபதால் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. எல்லா செட்டும் 20 இல்லை, 15-உம் உண்டு, குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60, அதனால் கவரைக் கிழித்துப் போடும் முன் படியுங்கள். போஸ்டிங்கில் நீங்களே திருகிச் சரிசெய்யக் கூடாது, ஆனால் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணி, வேகமாகப் போகிறது என்று சொல்லலாம்.

அப்புறம் மயக்கம். முதல் முறை டிரெஸ்ஸிங் பார்க்கும்போதோ ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும்போதோ கண் இருட்டிக்கொண்டு வருவது பலருக்கும் நடக்கும், உங்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று அதற்கு அர்த்தம் இல்லை. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், கெண்டைக்கால் தசையை இறுக்கி இறுக்கி விடுங்கள். காது அடைக்கிறது, வியர்க்கிறது என்றால் சமாளிக்கலாம் என்று நிற்க வேண்டாம், கிருமி நீக்கிய ஸ்டெரைல் டிரேயை விட்டு விலகித் தரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்தவளுக்கு அடிபடாது, விழுந்தவளுக்குத் தலையில் அடிபடும்.

ஊசி குத்துவது பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள், நேராக ஷார்ப்ஸ் டப்பாவுக்குள். ஒருவேளை குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். ஷிஃப்ட் முடியட்டும், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் தொடங்குவதில்லை. திட்டு விழும் என்று பயந்து பேப்பரில் சுற்றி மறைத்துவைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: அந்த நேரத்தில் நாம் போடுகிற ஒரு சத்தம், அடுத்த பிள்ளையை வாயே திறக்க விடாமல் செய்துவிடும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ், தொடங்கிய நாள், ஒரு மாதம், ஆறாவது மாதம். அதாவது அரை வருடம் ஆகும். இதை முன்னாலேயே முடித்திருக்க வேண்டும்.

போன் பையிலேயே இருக்கட்டும். வார்டுக்குள் செல்ஃபி எடுத்தால் உங்களுக்குப் பின்னால் ஒருவருடைய முகமோ கேஸ் ஷீட்டோ இருக்கும்.

இன்னொன்று பழகிவிட்டுப் போங்கள், சிஸ்டரிடமோ டாக்டரிடமோ ஒரு விஷயத்தைச் சொல்வது எப்படி என்று. எஸ்பார் என்று படித்திருப்பீர்கள், அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த பேச்சு முறை. பெயர் மறந்தாலும் பரவாயில்லை, வரிசை மறக்காதீர்கள்: இப்போது என்ன, இதற்கு முன் என்ன, நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேண்டும். "சிஸ்டர், 5-ஆம் படுக்கை அம்மாவுக்கு மூச்சு 28, ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், காலையில் 16 இருந்தது. பேச ஆரம்பித்தால் ஒரு வரியை முடிக்க முடியவில்லை. நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." அவ்வளவுதான். இதைக் கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி வரிதான் எல்லோருக்கும் தொண்டையில் நிற்கும். மாணவி போய் சிஸ்டரை வா என்று கூப்பிடுவதா என்று தோன்றும். கூப்பிடலாம். கூப்பிட வேண்டும். நீங்கள் தவறாக எண்ணியிருந்தால் அவர் வந்து பார்த்துவிட்டுப் போவார், ஒன்றும் குறைந்துவிடாது.

அழுகை வந்தால் என்ன செய்வது என்று போன வருடம் ஒரு பையன் கேட்டான். அவன் காலையில் முகம் துடைத்துவிட்ட தாத்தா மத்தியானம் இறந்துவிட்டார். நான் அவனைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப்போய் உட்காரவைத்தேன், கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவனே எழுந்து, கடைசியாக உடலைத் துடைத்து உடை மாற்றும்போது நானும் இருக்கலாமா மேம் என்று கேட்டான். இருந்தான். நன்றாகச் செய்தான்.

சரி, எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. இதோ மேஜை மேல் 16 கடிகாரம், சட்டையில் குத்திக்கொள்கிற வகை, எல்லாவற்றிலும் விநாடி முள் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். இது ஒன்று நின்றிருக்கிறது, பேட்டரி மாற்றிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகள் யாராவது இப்போது பார்த்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் தூங்குங்கள், காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், 6.45-க்கு வார்டு வாசலில் நிற்கிறேன்.